அலர்ஜி உள்ளவர்கள் நம்பி எடுக்கும்படி உணவு வங்கிக்குக் கொடுப்பது எப்படி

இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் உணவு வங்கிக்கு ஒரு பை நிறைய சாமான் கொடுப்பது சுலபம். ஆனால் அந்தப் பையிலிருந்து ஒரு பாக்கெட்டைக் கையில் எடுக்கும், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாத சீலியாக் நோயாளியோ, நிலக்கடலை அலர்ஜி உள்ள குழந்தையின் அம்மாவோ "இதைச் சாப்பிடலாமா?" என்று புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதில் கிடைக்காமல் அங்கேயே வைத்துவிட்டுப் போனால் என்ன பயன்? கடையில் வாங்குகிறவர் பக்கத்து பாக்கெட்டை எடுத்துக்கொள்வார். இவர்களுக்கு அந்த வசதி இல்லை, பெட்டியில் வந்ததுதான் அந்த வாரச் சாப்பாடு. குளூட்டன் இல்லாத ரொட்டியும் மாவும் சாதாரணச் சரக்கைவிட விலை கூடுதல் என்பதால், கையில் காசு குறையும்போது முதலில் அடிபடுவதும் இவர்கள்தான். ஆகவே உணவோடு சேர்த்து அதைப் பற்றிய தகவலும் கடைசிக் கை வரை கெடாமல் போய்ச் சேர வேண்டும். இந்த வேலையில் பாதி அதுதான்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு போன்

நேராகக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் உணவு வங்கிக்கு போன் செய்யுங்கள். அலர்ஜி உள்ளவர்களுக்குத் தனி அலமாரி இருக்கிறதா, வரும் குடும்பங்களிடம் யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்களா, மூட்டையில் வருவதைப் பிரித்துச் சின்னப் பைகளில் போடுகிறார்களா, இப்போது எது தட்டுப்பாடு என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலிலேயே உங்கள் பொருள் சரியான ஆளிடம் போகுமா, பொதுக் குவியலில் கலந்துவிடுமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். குளூட்டன் இல்லாத பாஸ்தா பொதுக் குவியலில் விழுந்தால் யாரோ ஒருவர் சாப்பிடுவார், அதில் தப்பில்லை, ஆனால் அது தேவைப்பட்டவருக்குக் கிடைக்காது.

தனி அலமாரி இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, வெளியே பெரிய எழுத்தில் எழுதி, "இதை அப்படியே ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். இடமும் ஆளும் இல்லாததால்தான் பல இடங்களில் இது நடப்பதில்லை, மனமில்லாமல் இல்லை. அதுவும் முடியாது என்றால் சீலியாக் நோயாளிகளுக்கான சங்கம் ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். யாருக்கு உதவி தேவை என்பது அவர்களுக்கு நேரடியாகத் தெரிந்திருக்கும்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்

கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான், ஏனென்றால் நல்ல மனதோடு கொடுப்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால் அவர்களுடைய நோய் எதிர்ப்பு அமைப்பே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். வயிற்றுவலி வராவிட்டாலும் உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கலாம். கோதுமை அலர்ஜி வேறு சங்கதி: அது சில நிமிடங்களிலேயே மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடக்கூடியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் பொருளைத் தப்பான பெட்டியில் வைத்துவிடுவோம். ஒரு உதாரணம். குளூட்டனைப் பிரித்து எடுத்துவிட்ட கோதுமை ஸ்டார்ச் சேர்த்துச் செய்யும் சில பொருள்களுக்கும் "குளூட்டன் இல்லாதது" என்ற முத்திரை சட்டப்படி கிடைக்கிறது. சீலியாக் நோயாளிக்கு அது சரி, கோதுமை அலர்ஜி உள்ளவருக்கு ஆகாது.

அந்த முத்திரைக்கு ஓர் அளவு உண்டு. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, இந்தியா என்று பல இடங்களிலும் இதே அளவுதான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இன்னும் கறார், சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது. சாதாரணக் கோதுமை ரொட்டியின் ஒரே ஒரு துண்டில் சுமார் 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். இதை யோசித்துப் பார்த்தால், கிழிந்த மாவுப் பையிலிருந்து பறக்கும் தூசிக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று புரியும்.

குளூட்டன் ஒளிந்திருக்கும் இடங்கள் சில இருக்கின்றன. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். மால்ட் என்று எழுதியிருந்தால் அது அநேகமாக பார்லி, காலை உணவுச் சீரியல்களிலும் சத்துப் பானங்களிலும் இதைப் பார்க்கலாம். சூப் பவுடர், ரெடிமேட் குழம்புக் கலவை, மசாலாக் கலவை எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள், கெட்டியாக்குவதற்குக் கோதுமை மாவு சேர்த்திருப்பார்கள். ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லாததுதான், ஆனால் வயலிலும் லாரியிலும் அரவை ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடும். "குளூட்டன் இல்லாதது" என்று தெளிவாக அச்சிட்ட ஓட்ஸ் மட்டும்தான் இந்தப் பெட்டிக்கு.

மற்ற அலர்ஜிகளுக்கு வருவோம். அமெரிக்காவில் 9 பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, பாதாம் முந்திரி போன்ற கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். இதில் எள் 2023-இல்தான் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 இருக்கின்றன, கடுகு, செலரி கீரை, லூபின் என்ற பயறு வகை, சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருள் எல்லாம் அதில் வரும். வெளிநாட்டிலிருந்து வந்த பாக்கெட் என்றால் அது எந்த நாட்டு விதிப்படி அச்சானது என்பதைப் பொறுத்து ஒன்று விட்டுப்போயிருக்கலாம். அப்புறம், உணவு வங்கியில் யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் லேபிள் இருந்தால் அதை அலர்ஜிப் பெட்டியில் சேர்க்காதீர்கள், பொது அலமாரிக்குக் கொடுங்கள்.

"இன்னது கலந்திருக்கலாம்" என்ற எச்சரிக்கை வரியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் அதை எழுதுவது நிறுவனத்தின் விருப்பம்தான், கட்டாயமில்லை. வரி இருந்தால் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம், வரி இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பொருளைக் கலக்காத தனி ஆலையில் தயாரித்தது என்று வெளிப்படையாகச் சொல்லும் பாக்கெட் கிடைத்தால் அதை வாங்குங்கள்.

வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதுவும் சேர்க்காதது என்று எழுதியிருப்பதைப் பால் அலர்ஜிக்கான உத்தரவாதமாக நினைப்பவர்கள் நிறைய. அது எதைச் சேர்த்தார்கள், எதைச் சேர்க்கவில்லை என்று சொல்கிறது, பக்கத்து இயந்திரத்தில் என்ன ஓடியது என்று சொல்வதில்லை. லாக்டோஸ் இல்லாத பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைத்தான் உடைத்திருக்கிறார்கள், புரதம் அப்படியே இருக்கிறது, பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. அதேபோல குளூட்டன் இல்லாத பிஸ்கெட்டில் பாதாம் மாவு, முட்டை, வெண்ணெய் எல்லாம் தாராளமாக இருக்கும். ஒரு முத்திரை ஒரு பிரச்சினைக்கு மட்டும்தான் பதில்.

என்ன வாங்கலாம்

என் கருத்தில், பிஸ்கெட்டும் கேக் மிக்ஸும் கடைசியில் யோசிக்க வேண்டியவை. கடையில் "குளூட்டன் இல்லாதது" என்ற அலமாரிக்குப் போனால் கண்ணில் படுவது அவைதான், அதனால் எல்லோரும் அதையே கொடுக்கிறார்கள். ஒரு குடும்பம் அதை வைத்து ராத்திரிச் சாப்பாட்டை ஒப்பேற்ற முடியாது. கேக் மிக்ஸுக்கு முட்டை வேண்டும், வெண்ணெய் வேண்டும், ஓவன் வேண்டும். இதெல்லாம் இருக்கிற வீடு உணவு வங்கிக்கு வருமா என்று யோசியுங்கள்.

இயல்பிலேயே குளூட்டன் இல்லாத, ஒரே ஒரு மூலப்பொருள் மட்டும் உள்ள சாமான்கள்தான் அதிகம் உதவும்: அரிசி, பருப்பு, டின்னில் வரும் பயறு, காய்கறி, தக்காளி, பழம், சமையல் எண்ணெய். இவற்றைப் பெரும்பாலும் எல்லோரும் சாப்பிடலாம் என்பதால் ஒருவேளை பொதுக் குவியலில் கலந்தாலும் நஷ்டமில்லை. சில்லறையாக அளந்து போடும் பருப்பும் அரிசியும் வேண்டாம், அதே கரண்டி பக்கத்து மாவு டப்பாவுக்கும் போய் வந்திருக்கும். நிறுவனமே அடைத்த பாக்கெட்டாக வாங்குங்கள். பருப்பில் கோதுமை மணிகள் கலந்து வருவது சகஜம் என்பதால் அதிலும் முத்திரை உள்ளது கிடைத்தால் நல்லது. இதற்கு மேல் பணம் மிச்சமிருந்தால் குளூட்டன் இல்லாத பாஸ்தா, ரொட்டி மாவு, காலை உணவுச் சீரியல் என்று போகலாம், அவர்கள் தாங்களாக வாங்க முடியாமல் தவிப்பது இவற்றைத்தான்.

பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கான சிறப்பு ஃபார்முலா பவுடர் மிகவும் விலை உயர்ந்தது, தேவையும் அதிகம். ஆனால் எல்லா உணவு வங்கியும் ஃபார்முலாவை வாங்கிக்கொள்வதில்லை, அந்த முதல் போனிலேயே இதையும் கேட்டுவிடுங்கள். மூடி திறக்காததாக, தேதி தாண்டாததாக இருக்க வேண்டும்.

வீட்டில் சமைத்தது வேண்டாம். நீங்கள் எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும் வாங்குபவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

கட்டுவதும் கொண்டுபோவதும்

லேபிள் கிழியக் கூடாது, மறையக் கூடாது. மூலப்பொருள் பட்டியல் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், மார்க்கரால் எழுதாதீர்கள். பெரிய அட்டைப்பெட்டிக்குள் பத்துச் சின்னப் பாக்கெட் இருந்தால் அட்டையைப் பிரித்து எறிய வேண்டாம், பல சமயம் உள்ளே இருக்கும் பாக்கெட்டில் பெயரைத் தவிர வேறெதுவும் இருக்காது. உங்கள் குறிப்பை வெளிப் பையில் எழுதுங்கள். "அலர்ஜி இல்லாத உணவு" என்று பொதுவாக எழுதினால் ஆபத்து, அப்படி ஒரு உணவே கிடையாது. "குளூட்டன் இல்லாதது, பால் உண்டு" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

கோதுமை மாவும் ரவையும் பிஸ்கெட்டும் கொடுப்பதாக இருந்தால் அவை வேறு பையில், காரில்கூட கீழே. மாவுப் பை கசியும், காகிதப் பையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். குளூட்டன் இல்லாதவை மேலே. வீட்டில் ஒருவருக்குப் புதிதாக சீலியாக் இருப்பது தெரிந்து அலமாரியைக் காலி செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: திறக்காத கோதுமைப் பொருள்களைப் பொது அலமாரிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், திறந்தவற்றை எங்கேயும் கொடுக்க முடியாது.

வீட்டிலேயே மாதக்கணக்கில் கிடந்ததைக் கொடுக்கும்போது தேதியைப் பாருங்கள். "இதற்குள் பயன்படுத்தவும்" என்ற தேதி பாதுகாப்பைப் பற்றியது, அது தாண்டினால் குப்பைதான். "இதற்கு முன் சிறந்தது" என்பது தரத்தைப் பற்றியது, அதில் ஒவ்வோர் உணவு வங்கிக்கும் ஒவ்வொரு விதி. இந்த வகைப் பொருள்கள் அலமாரியில் மெதுவாகத்தான் நகரும், சரியான ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும், அதனால் சில மாதமாவது தேதி மிச்சமிருப்பதைக் கொடுங்கள். கொட்டை மாவுகள் எண்ணெய்ப் பசையால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இன்னொன்று, அதே பெயர், அதே படம் என்றாலும் நிறுவனங்கள் சேர்மானத்தை மாற்றுவார்கள். அமெரிக்காவில் எள் கட்டாயப் பட்டியலில் வந்தபோது, இயந்திரங்களை முழுக்கச் சுத்தம் செய்வதைவிட எள்ளைச் சேர்த்து லேபிளில் எழுதிவிடுவது சுலபம் என்று சில ரொட்டி நிறுவனங்கள் அப்படியே செய்தன. போன தடவை படித்தோமே என்று இந்தத் தடவை விடாதீர்கள்.

நீங்களே சேகரிப்பு நடத்தினால்

அலுவலகத்திலோ பள்ளியிலோ பெட்டி வைக்கிறீர்கள் என்றால் ஒரே பெட்டி போதாது, இரண்டு வையுங்கள், குளூட்டன் இல்லாததற்கு மூடியோடு ஒன்று. என்ன வேண்டும் என்று ஐந்தாறு பொருளின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள், "சிறப்பு உணவுகள்" என்று மட்டும் எழுதினால் மறுபடியும் பிஸ்கெட்தான் வரும். பிரிக்கும்போது ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒருவராவது திருப்பிப் படிக்க வேண்டும், சந்தேகமாக இருந்தால் பொதுப் பெட்டிக்கு மாற்றுங்கள், வாதமே வேண்டாம். உணவு வங்கியில் மூட்டை பிரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அரிசிக்கும் மாவுக்கும் ஒரே கரண்டியைப் பயன்படுத்தாமல், முடிந்தால் அரிசியை முதலில் முடித்துவிட்டு அப்புறம் மாவைத் தொட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இவ்வளவையும் பார்த்து வாங்க நேரமில்லையா? சரி, பணமாகக் கொடுங்கள். மொத்த விலையில் வாங்குவதால் உங்கள் காசில் உங்களைவிட அவர்கள் அதிகம் வாங்குவார்கள். குளூட்டன் இல்லாத உணவுக்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். பொருளாகக் கொடுத்தவர்கள் சில வாரம் கழித்து மறுபடி ஒரு போன் போட்டு எது உடனே போனது, எது இன்னும் அலமாரியில் கிடக்கிறது என்று விசாரித்தால் அடுத்த தடவைக்கான பட்டியல் தயார்.