நிலா அந்துப்பூச்சி வளர்ப்பு: புழுவிலிருந்து இறக்கை விரியும்வரை

வெளிர்பச்சை இறக்கை, பின்னால் இரண்டு நீண்ட வால், பஞ்சு போன்ற வெள்ளை உடம்பு. இறக்கையை விரித்தால் 12 சென்டிமீட்டர் போல இருக்கும். ஆக்டியஸ் செலினி என்ற இந்த நிலா அந்துப்பூச்சியை வீட்டிலேயே வளர்த்துப் பறக்கவிடலாம். பட்டுப்புழு வளர்த்த வீடுகளுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

1. புழுவைத் தேடுதல்

ஒதிய மரத்தில் தேடுங்கள். 'ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது' என்று அந்த மரத்தை நம் ஆட்கள் மட்டம்தட்டுவார்கள், ஆனால் இந்தப் புழுவுக்கு அதன் இலைதான் விருந்து. மழைக்காலத்தில் தேடினால்தான் பலன். கோடையில் மரமே மொட்டையாக நிற்கும்.

அண்ணாந்து பார்த்தால் இலைப் பச்சையில் புழு தெரியாது. மரத்தடியைப் பாருங்கள். மிளகைவிடப் பெரிய, வரிவரியான புழுக்கைகள் புதிதாகக் கிடந்தால் நேர் மேலே ஆள் இருக்கிறது. வேலியோர மரமே போதும். சரணாலயத்துக்குள் போய் எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

புழுவைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். கால்களால் கிளையை அவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருக்கும், இழுத்தால் கிழிந்துவிடும். இருக்கும் குச்சியோடு வெட்டி எடுங்கள்.

2. தீனி

எந்த மரத்தில் கிடைத்ததோ, கடைசிவரை அதே மரத்து இலை. பாதியில் மாற்றினால் பட்டினி கிடந்து சாகுமே தவிர, பல புழுக்கள் வாய் வைக்காது. கிளையைத் தண்ணீர் பாட்டிலில் செருகினால் இலை வாடாது, ஆனால் பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக்கி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புழு கீழே இறங்கி மூழ்கிவிடும். ஓரிரு நாள் தின்னாமல் தலையைத் தூக்கி அசையாமல் இருந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். தோல் உரிக்கப் போகிறது, தொடாதீர்கள்.

3. கூண்டு

கண்ணாடித் தொட்டி வேண்டவே வேண்டாம். உள்ளே வேர்த்து, புழுக்கை பூசணம் பிடித்து, நோய் வரும். துணி போடும் மடக்கு வலைக்கூடை 30 சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக ஒன்று வாங்கி, மேலே கொசுவலைத் துணி கட்டினால் தீர்ந்தது. கூடையை ஒரு முக்காலிமேல் ஏற்றி, கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள். எறும்பை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

4. கூடும் இறக்கையும்

நன்றாக வளர்ந்த புழு திடீரென்று நீர்த்த கழிவைத் தள்ளிவிட்டு அலையத் தொடங்கும். அப்புறம் இலைகளைச் சேர்த்து இழுத்து, பழுப்பு நிறத்தில் கூடு கட்டும். ஒரு வாரம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். கூட்டை எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பத்திரமாக வைத்துவிடுவார்கள். பூச்சி வெளியே வரும்போது இறக்கை ஈரமாக, சுருங்கி, சின்னதாக இருக்கும். அது உடனே மேலே ஏறி, இறக்கை கீழே தொங்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் உடம்பிலிருக்கும் திரவத்தை நரம்புகளுக்குள் தள்ளி இறக்கையை விரிக்க முடியும். வழுவழுப்பான சுவரில் கால் நிற்காது. ஏறி ஏறி விழும். அதற்குள் இறக்கை சுருங்கியபடியே காய்ந்துவிடும். அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே ஊசி நூலைக் கூட்டின் வெளிப்பட்டில் மட்டும் கோத்து, வலையை ஒட்டித் தொங்கவிடுங்கள். உள்ளே கூட்டுப்புழுவில் ஊசி படக் கூடாது. பசை போட்டு ஒட்டுபவர்களும் உண்டு, எனக்கு நூல்தான் பிடிக்கும். கீழே வால் நீள இடம் விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

கூட்டுக்குள் கறகறவென்று சத்தம் வந்தால் நேரம் வந்துவிட்டது. பாவம் பார்த்துக் கத்தரியால் வெட்டி உதவாதீர்கள். அரை மணி நேரத்தில் இறக்கை விரிந்துவிடும், உறுதிப்பட இன்னும் சில மணி நேரம் ஆகும்.

5. பறக்கவிடுதல்

தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். இதற்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துத்தான் ஒரு வாரம் போல வாழும். இருட்டியபின், தெருவிளக்கு இல்லாத பக்கமாக விடுங்கள். பகலில் விட்டால் காக்கைக்குத் தீனி. இரவில் வௌவால் தொல்லை உண்டு, ஆனால் அதற்குத்தான் அந்த வால். வௌவால் தன் சத்தத்தின் எதிரொலியை வைத்துத்தான் இரையைக் கண்டுபிடிக்கும்; சுழலும் வால் அந்தக் கணிப்பைத் திசைதிருப்புகிறது என்று, இதன் அமெரிக்க உறவான லூனா அந்துப்பூச்சியை வைத்து 2015இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

'ஒரு மாதமாகியும் ஒன்றும் வரவில்லை' என்று பலர் எழுதியிருந்தார்கள். மூன்று நான்கு வாரத்தில் வருவது வழக்கம், ஆனால் வறண்ட காலம் நெருங்கும்போது கட்டிய கூடு மாதக்கணக்கில் உறங்கும். கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக இருந்தால் உயிர் இருக்கிறது, காத்திருங்கள். சருகு போல லேசாக இருந்தால் போய்விட்டது.

கூட்டிலிருந்து ஈயோ குளவியோ வந்தது என்றவருக்கு: அவை ஒட்டுண்ணிகள். நீங்கள் எடுக்கும் முன்பே புழுவில் முட்டை வைத்துவிட்டன. சின்னப் புழுக்களாக எடுத்து வலைக்குள் வளர்த்தால் இது குறையும்.

இன்னொருவர் பெண்பூச்சி தனியாகவே முட்டை வைத்தது, பொரியவில்லை என்றார். இணை சேராவிட்டாலும் முட்டை வைக்கும், பொரியாது. கூண்டோடு இரவு முழுக்க வெளியே தொங்கவிடுங்கள். அக்கம்பக்கத்தில் ஆண் இருந்தால் வாசனை பிடித்து வரும். அகலமான, இறகு போன்ற உணர்கொம்பு இருந்தால் அதுதான் ஆண். முட்டை பொரிய பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். பிறக்கும் புழு செம்பழுப்பாக, நடுவில் கறுப்புப் பட்டையோடு இருக்கும். வேறு ஏதோ புழு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டு முறை தோல் உரித்தபின்தான் பச்சையாகும்.