படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் துணையாக ஒரு குழு: தொடங்குவது எப்படி?

ஊசி போடவும் மாத்திரை கொடுக்கவும் ஆஸ்பத்திரியில் ஆள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பேசத்தான் ஆள் இல்லை. அதற்காக ஊரிலேயே ஒரு குழு தொடங்கப் பட்டமோ பெரிய பணமோ வேண்டாம். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புச் சேவை பின்னர் மலப்புரத்தில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களால்தான்.

படி 1: ஐந்தாறு பேரைச் சேருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் தவறாமல் தரக்கூடியவர்கள் போதும். நன்றாகப் பேசுகிறவரைவிடப் பொறுமையாகக் கேட்கிறவரைத் தேடுங்கள். பல மதத்தவரும் இருந்தால் இன்னும் நல்லது.

படி 2: அனுமதி வாங்குங்கள். மருத்துவமனை என்றால் பொறுப்பில் உள்ள மருத்துவரிடம் கடிதம் கொடுங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்குப் போவதென்றால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்களிடம் பேசுங்கள். அந்தந்த வீட்டாரிடம் அவர்கள் கேட்டுச் சொன்ன பிறகே போங்கள்.

படி 3: கேட்கப் பழகுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் பத்து நிமிடம் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேளுங்கள். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும்! "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். சரியாகாது என்பது அவருக்கே தெரிந்திருக்கலாம். "எந்தப் பாவமோ" என்ற பேச்சு வாயில் வரவே கூடாது. பிரார்த்தனை அவர் கேட்டால் மட்டும், அதுவும் அவருடைய நம்பிக்கைப்படி. மருந்து பற்றி யோசனை சொல்லாதீர்கள். அங்கே கேட்டதை வெளியே பேசாதீர்கள்.

படி 4: இருவராகப் போங்கள். நின்றுகொண்டு பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். இருபது நிமிடம் போதும். அடுத்து வரும் நாளைச் சொன்னால் அன்றைக்குக் கட்டாயம் போய்விடுங்கள், அவர் காத்திருப்பார்.

படி 5: கூட இருந்து பார்த்துக்கொள்பவரையும் கவனியுங்கள். அவர் குளித்துச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்கி எழும்வரை நீங்கள் உட்கார்ந்திருங்கள். என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய உதவி இல்லை.

நன்கொடை வாங்கும் நிலை வந்தால் சங்கமாகப் பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும்.

அப்புறம் ஒன்று. நீங்கள் பார்த்துவந்தவர் இறந்துவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் வீடு வெறிச்சோடும். அந்த வாரம் போய், அவர்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.