சிவப்பு, வெள்ளை, நீலக் குவில்ட்டை முடிக்கும் வேளையில்

அமெரிக்கக் கொடியின் நிறங்களில் குழுவாகச் சேர்ந்து தைத்துவரும் சாம்ப்ளர் குவில்ட்டில் (பல வடிவத் துணிக் கட்டங்களை இணைத்துத் தைக்கும் போர்வை), வெவ்வேறு வடிவங்களில் தைத்த கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் அமைவது அரிது. ஆகவே அவற்றை இணைப்பதற்கு முன், 12 அங்குலக் கட்டமானால் தையல் விளிம்பையும் சேர்த்து 12½ அங்குலம் இருக்குமாறு ஒவ்வொன்றையும் அளந்து வெட்டிக்கொள்ள வேண்டும். கட்டத்தில் நட்சத்திர வடிவம் இருந்தால், அதன் முனைக்கு வெளியே கால் அங்குலம் விடாவிட்டால் முனை தையலுக்குள் மறைந்துவிடும். சிறுத்துப்போன கட்டத்தைப் பிரித்துத் தைப்பதைவிட, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் பட்டையைச் சேர்த்து அளவுக்கு வெட்டுவதே எளிது என்பது என் கருத்து. குவில்ட்டின் பின்புறம் வரும் அடித்துணி, மேற்பகுதியைவிட நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். முதல் சலவையைக் குளிர்ந்த நீரில், சாயம் உறிஞ்சும் தாளுடன் செய்து, ஈரத்தோடு மடித்து வைக்காமல் உடனே உலர்த்தினால், சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கும் வாய்ப்பு குறையும்.