கற்பனைத் தீவு நாட்டுக்குப் படையும் போர் வரலாறும் அமைக்கும் முறை

கதைக்காகவோ விளையாட்டுக்காகவோ ஒரு சின்னஞ்சிறு தீவு நாட்டைக் கற்பனை செய்பவர்கள், கொடியையும் நாணயத்தையும் முடித்த கையோடு அதற்கு மூன்று போர்க்கப்பல்களையும் ஒரு விமானப் படையையும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் வாசகர் நாட்டை நம்ப மறுக்கிறார். உண்மையான தீவு நாடுகளைப் பார்த்தால், மக்கள்தொகை, கடற்பரப்பு, உதவிக்கு வரக்கூடிய பெரிய நாடு ஆகிய மூன்றுமே படையின் அளவையும் தன்மையையும் முடிவு செய்கின்றன என்பது தெரியும்; ஆகவே ஆயுதப் பட்டியலுக்கு முன் கணக்கைப் போட வேண்டும்.

உங்கள் தீவில் 20,000 பேர் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவர் சீருடை அணிந்தால் 200 பேர். ஆசிரியர், செவிலியர், மீனவர், துறைமுகத் தொழிலாளி என எல்லோரும் அதே வயதினரிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், இதுவே அதிகம். எனவே காவல், தீயணைப்பு, கடலோரக் காவல் ஆகியவற்றை ஒரே தலைமையின் கீழ் வைப்பதே இயல்பானது. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மொரீஷியஸிலேயே நிலையான ராணுவம் கிடையாது. அங்கே துணை ராணுவப் பிரிவும் கடலோரக் காவல் படையும் காவல்துறையின் கீழ்தான் இயங்குகின்றன.

அடுத்தது கடல். கடற்கரையிலிருந்து 200 கடல் மைல் வரை பொருளாதார உரிமை உண்டு என்பதால், அருகில் வேறு நாடு இல்லாத ஒற்றைத் தீவுக்கும் ஏறத்தாழ 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் கிடைக்கும். அது ஈராக் நாட்டின் பரப்புக்கு ஏறக்குறைய சமம். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் செல்லும் ரோந்துப் படகு அந்த எல்லையைத் தொடவே பதினேழு மணி நேரம் ஆகும். படகு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். 1987 முதல் ஆஸ்திரேலியா பசிபிக் தீவு நாடுகள் பன்னிரண்டுக்கு 22 ரோந்துப் படகுகளை நன்கொடையாக வழங்கியது. 2018 முதல் அவற்றுக்குப் பதிலாக 39.5 மீட்டர் நீளமுள்ள புதிய படகுகள் வந்தன. படகைக் கொடுத்த நாடே பயிற்சியையும் உதிரி பாகங்களையும் கொடுக்கும்போது, வெளியுறவுக் கொள்கையில் அந்த நாட்டின் குரலும் கேட்கத்தான் செய்யும். உங்கள் தீவின் அமைச்சரவை விவாதங்களுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

வரலாற்றை எழுதும்போது, வெளியார் இந்தத் தீவுக்கு ஏன் வர வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். மால்டாவின் துறைமுகம் 1565இல் ஒட்டோமான் முற்றுகையையும் இரண்டாம் உலகப் போரில் கடும் குண்டுவீச்சையும் இழுத்து வந்தது. பசிபிக் தீவான நவூருவுக்கு, உரத்துக்கு மூலப்பொருளான அதன் பாஸ்பேட்டே வினையாயிற்று. 1940 டிசம்பரில் ஜெர்மானியக் கப்பல்கள் அங்கே பாஸ்பேட் ஏற்ற வந்த கப்பல்களை மூழ்கடித்து, கரையிலிருந்த ஏற்றுமதி அமைப்புகளையும் சுட்டு நொறுக்கின. 1942 ஆகஸ்டில் ஜப்பான் தீவைக் கைப்பற்றியது. பின்னர் பசிபிக்கில் ஜப்பான் வசமிருந்த ட்ரக் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்ட 1,200 நவூரு மக்களில் 737 பேரே 1946 ஜனவரியில் ஊர் திரும்பினார்கள். அங்கே போரிட ஒரு நவூருப் படை இருந்ததே இல்லை. சிறு தீவின் போர் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான், பிறர் போரில் அகப்பட்டவர்களின் வரலாறாக இருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆபத்தை அமைப்பது இன்னும் சுவையான வேலை. இதற்கு நேரம் ஒதுக்குங்கள். சீஷெல்ஸில் 1977 ஜூனில் ஜனாதிபதி லண்டனில் இருந்தபோது, சில பத்துப் பேர் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அந்த அரசைக் கவிழ்க்க 1981 நவம்பரில் மைக் ஹோர் என்பவரின் கூலிப்படை ரக்பி விளையாட்டுக் குழு போல் வேடமிட்டு வந்து இறங்கியது. விமான நிலையச் சுங்கச் சோதனையில் ஒருவரது பெட்டியிலிருந்த துப்பாக்கி வெளிப்பட்டதால் திட்டம் உடைந்தது. தரையிறங்கிய ஏர் இந்தியா விமானத்தைக் கடத்தி அவர்களில் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தப்பினார்கள். மாலத்தீவில் 1988 நவம்பர் 3 அன்று, உள்நாட்டு வணிகர் ஒருவரின் ஏற்பாட்டில் இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட்டைச் சேர்ந்தவர்கள் கடல்வழியே தலைநகர் மாலேயில் இறங்கினார்கள். ஜனாதிபதி மவுமூன் அப்துல் கயூம் உதவி கேட்க, ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்திய வான்குடைப் படையினர் அன்றிரவே மாலேக்கு அடுத்த தீவான ஹுலுலேயின் விமானத் தளத்தில் இறங்கினார்கள். பிணையாளிகளுடன் சரக்குக் கப்பலில் தப்பியவர்களை இந்தியக் கடற்படை நடுக்கடலில் மடக்கியது.

இவற்றிலிருந்து எடுக்க வேண்டிய வேலை தெளிவானது. உங்கள் தீவின் விமான ஓடுபாதை, வானொலி நிலையம், ஆயுதக் கிடங்கு ஆகிய மூன்றையும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றையும் இரவில் எத்தனை பேர் காக்கிறார்கள், உதவி வந்து சேர எத்தனை மணி நேரமாகும் என்று எழுதிவையுங்கள். ஓடுபாதை தலைநகரத் தீவிலேயே இருக்கிறதா, மாலேயைப் போல அடுத்த தீவில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே கதையின் போக்கு மாறும்.

நாட்டுக்கு ஒரு வெற்றியும் தேவை என்றால் ஐஸ்லாந்தைப் பின்பற்றலாம். ராணுவமே இல்லாத அந்த நாடு, 1958 முதல் 1976 வரை பிரிட்டனுடன் மூன்று முறை மீன்பிடி எல்லைக்காக மோதியது. அதன் ரோந்துக் கப்பல்கள் 1972 முதல் இழுவலைகளை அறுக்கும் கருவியைக் கடலில் இழுத்துச் சென்று பிரிட்டிஷ் கப்பல்களின் வலைகளைத் துண்டித்தன. நேட்டோ ராணுவக் கூட்டணியிலிருந்து விலகுவோம் என்ற எச்சரிக்கையும் சேர, இறுதியில் 200 மைல் எல்லையை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது.

பெரிய படைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அதற்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லுங்கள். ஃபிஜி 1978 முதல் 2002 வரை லெபனானில் ஐ.நா. அமைதிப் பணிக்குப் படைப்பிரிவை அனுப்பிவந்தது. அதே படை 1987இல் இருமுறையும் 2006இல் ஒருமுறையும் ஆட்சியைக் கவிழ்த்தது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பதவிகளை எழுதும்போது கஞ்சத்தனம் நல்லது. பல நூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியனுக்கே பொதுவாக லெப்டினன்ட் கர்னல்தான் தலைமை வகிப்பார். 200 பேர் படைக்கு ஒரு மேஜர் போதும், இசைக்குழுவையும் அவரே கவனித்துக்கொள்ளலாம்.