அளவுச் சாப்பாடு: சோற்றை விடாமல் எடை குறைக்கும் முறை

திருச்சி தில்லை நகர்ப் பக்கம் மெஸ் நடத்துகிறேன். மதியம் சாப்பாடு, ராத்திரி டிபன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறவர்கள். ஜனவரி பிறந்ததும் இவர்களில் சிலர், "அக்கா, இன்னையிலேர்ந்து எனக்குச் சோறு வேண்டாம், பொரியல் மட்டும் வைங்க" என்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்ததும் முழுச் சாப்பாட்டு டோக்கனை நீட்டுவார்கள். சோற்றை அடியோடு விட்டவர் யாரும் மெலிந்து நான் பார்க்கவில்லை. அளந்து சாப்பிட்டவர்கள் மெலிந்திருக்கிறார்கள், அதில் நானும் ஒருத்தி. சமைக்கிற பண்டத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். பரிமாறுகிற விதத்தைத்தான் மாற்றச் சொல்வேன்.

குவியல் ஒன்றுதான்

நம் இலையில் சோறு ஏறுவது பசியால் அல்ல, குழம்பால். சாம்பாருக்கு ஒரு குவியல். வத்தக்குழம்பு வந்ததும் "கொஞ்சம் போடுங்க". ரசம் மிச்சம் நிற்கிறதே என்று இன்னொரு கரண்டி. மோருக்குச் சோறு இல்லாமல் எப்படி? ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். ஆனால் கை கழுவப் போகும்போது நாலு தடவை வாங்கியிருப்போம், எவ்வளவு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அதனால் சாப்பிட உட்காரும்போதே மொத்தச் சோற்றையும் தட்டில் போட்டுவிடுங்கள். அதைக் கையால் இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கு குழம்புக்கு, சின்னப் பங்கு மோருக்கு என்று ஒதுக்குங்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். பிசைந்து சாப்பிட்டால்தான் ரசம் என்கிறவர்கள் மோரைக் குடித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சோறு என்று மட்டும் வேண்டாம். இரண்டாம் முறை எதையாவது வாங்கத் தோன்றினால் கூட்டு வாங்குங்கள், பொரியல் வாங்குங்கள். சோற்றுப் பாத்திரம் அடுப்படியிலேயே இருக்கட்டும்.

எவ்வளவு போடலாம்? 200 கிராம் சோறு ஏறக்குறைய 260 கலோரி. உட்கார்ந்து வேலை பார்க்கிற பலருக்கு ஒரு வேளைக்கு அது போதும். ஆனால் மூன்று கரண்டி சாப்பிடுகிறவர் நாளைக்கே ஒன்றுக்கு இறங்க வேண்டாம். அப்படி இறங்குகிறவர்களை நான் சாயங்காலம் நாலு மணிக்கு எதிர் டீக்கடையில் பஜ்ஜித் தட்டோடு பார்க்கிறேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரைக் கரண்டி என்று குறையுங்கள். வயிற்றுக்குத் தெரியாமல் குறையும்.

இன்னொன்று, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவோ மாமியாரோ பரிமாறினால் "போதும்" என்று கையை மறித்தாலும் விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி விழும். அன்புக்குக் கணக்கு கிடையாது.

காய் எடை

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். தானியம் வேகவைக்காத எடை. காலை இட்லி, மதியச் சோறு, ராத்திரி தோசை எல்லாம் அதற்குள் அடக்கம். காய் தானியத்தைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் தட்டில் நேர்மாறு. நாலு பேர் வீட்டில் அரைக் கிலோ அவரைக்காயை வைத்து ரெண்டு வேளை ஓட்டுகிறோம். கணக்குப்படி நாலு பேருக்கு 1,600 கிராம் வேண்டும். உருளைக்கிழங்கை இதில் சேர்க்கக் கூடாது, அது சோற்றின் கட்சி.

செலவு கட்டுமா என்பீர்கள். காந்தி மார்க்கெட்டில் பீன்ஸும் காலிஃபிளவரும் விலை பார்த்தால் கட்டாதுதான். நீர்க்காய்களுக்குப் போங்கள்: சுரைக்காய், புடலங்காய், வெண்பூசணி, பீர்க்கங்காய், முள்ளங்கி. பெரும்பாலும் மலிவு, வயிறும் நிறையும். இவற்றைக் கூட்டாக வைத்தால் எண்ணெய் தாளிக்க மட்டும்தான். பாசிப்பருப்பை வழக்கத்தைவிட ஒரு கைப்பிடி கூடப் போடுங்கள். புரதம் சேர்ந்தால் பசி தாங்கும்.

எண்ணெய்க் கணக்கு

இது மெஸ் நடத்துகிறவள் புத்தி. தட்டில் விழுகிற எண்ணெயை யாராலும் அளக்க முடியாது, ஆனால் வீட்டுக்குள் வருகிற எண்ணெயை அளக்கலாம். நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதம் நாலு லிட்டர் தீர்கிறது என்று வையுங்கள். தலைக்கு ஒரு லிட்டர், நாளைக்கு 33 மில்லி, கலோரியில் சுமார் 270. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்துத்தான். செக்கில் ஆட்டியது உடம்புக்கு நல்லதுதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. செக்கில் ஆட்டினாலும் கிராமுக்கு 9 கலோரிதான்.

அடுத்த மாதம் மூன்று லிட்டர் மட்டும் வாங்குங்கள். முக்கால் லிட்டர் பாட்டில் நாலில் பிரித்து ஊற்றி, வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துவையுங்கள். செவ்வாய்க்கிழமையே பாட்டில் பாதிக்குக் கீழே போனால் புதன்கிழமை பூரி கிடையாது என்று சமைக்கிறவருக்கே தெரிந்துவிடும். பொரியலுக்குத் தாளித்து, காயைப் போட்டு, கையளவு தண்ணீர் தெளித்து மூடி வேகவிடுங்கள். மூடாமல் வதக்கினால்தான் எண்ணெய் கேட்கும். மாதக் கடைசியில் எண்ணெய் தீர்ந்தால் ரெண்டு நாள் இட்லியும் கூட்டும்.

இதே போலத்தான் சீனியும். ஒரு ஸ்பூன் 5 கிராம், 20 கலோரி. நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் என்றால் 160 கலோரி போகிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறையுங்கள். நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் எடை குறையாது, கலோரி ஏறக்குறைய அதேதான். வரகு, சாமைக்கும் இதைச் சொல்வேன். நார்ச்சத்து உண்டு, நல்லதுதான். ஆனால் வேகவைக்காத 100 கிராமில் அரிசிக்கும் வரகுக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. வரகுச் சோறு என்று மூன்று கரண்டி வாங்கினால் கதை பழையபடிதான்.

நாலு மணிப் பசிக்கு முந்தின ராத்திரியே கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறப் போட்டுவிடுங்கள். ஒரு கிண்ணம் சுண்டல் இருந்தால் வடைக்குக் கை போகாது. அல்லது அவித்த முட்டை. ராத்திரி டிபன் எட்டு மணிக்குள் முடியட்டும், தோசையைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடாதீர்கள், எண்ணிக்கை தப்பும்.

நடை: வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடந்து மட்டும் மெலிவது கஷ்டம், மெலிந்ததைக் காப்பாற்ற நடை உதவும். தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்து பழகுங்கள், தொடையில் தசை கரையாமல் இருக்கும்.

எடையை வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். முதல் வாரம் சட்டென்று குறைவதில் பெரும்பகுதி தண்ணீர், அதை நம்பிக் கொண்டாட வேண்டாம். அதன்பின் வாரத்துக்கு அரைக் கிலோ என்றால் நல்ல வேகம், கால் கிலோவும் சரிதான். டேப்பை எடுத்து இடுப்பையும் அளங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டக் கூடாது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குப் போட்டது. சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

கல்யாணத்துக்குப் போனால் இலையில் வைப்பதைச் சாப்பிடுங்கள், பாயசம் உட்பட. மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். மறுநாள் மதியம் அதே ஒற்றைக் குவியல், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து எடை ஒரே இடத்தில் நிற்கும். உடம்பு சிறுத்தால் அதற்குத் தேவையான கலோரியும் குறையும். அப்போது உடனே சோற்றில் கை வைக்காதீர்கள். முதலில் அந்த மாத எண்ணெய்ப் பாட்டில்களைப் பாருங்கள், அப்புறம் டீயை எண்ணுங்கள். ரெண்டும் சரியாக இருந்தால் ராத்திரி ஒரு தோசையைக் குறைத்து மூன்று வாரம் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் தைராய்டு ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.