4294967297-ஐத் தாளிலேயே காரணிகளாக உடைப்பது எப்படி?

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டினால் வரும் எண் இது. 32-க்குப் பதில் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று வைத்தால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் என்று 1640-களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் இதன் காரணியைக் கண்டுபிடித்தார். போன வாரம் நானும் தாளை எடுத்துவைத்துப் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

படி 1: எதால் வகுப்பது?

வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வரும். அதற்குள் 6542 பகா எண்கள் உண்டு, எல்லாவற்றையும் தொட வேண்டாம். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 128 × க + 1 என்ற வடிவில்தான் இருக்கும் (க ஒரு முழு எண்). ஆய்லர் 64 வரை கொண்டுவந்தார், பின்னாளில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அதை 128 ஆக்கினார். க-வுக்கு 1 முதல் 5 வரை போட்டால் வருபவற்றில் 129, 385, 513 பகா எண்கள் அல்ல. மிஞ்சுவது 257, அப்புறம் 641. 257-ஆல் வகுத்தால் மீதி 2. அதை விட்டுவிடலாம்.

படி 2: 641-ஆல் வகுபடுகிறதா?

நான் சறுக்கியது இங்கேதான். முதலில் சி மொழியில் நிரல் எழுதி எண்ணை அன்சைன்டு இன்ட்டில் (குறியில்லாத 32 பிட் முழு எண் வகை) வைத்தேன். அச்சிட்டால் 1 வந்தது! சுழற்சியில் பிழை என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். பிழை அங்கே இல்லை. 32 பிட்டில் 4294967295 வரைதான் அடங்கும். அதைத் தாண்டினால் மறுபடி 0, அடுத்து 1. பெரிய எண்கள் அடங்கும் லாங் லாங் வகையைப் போட்டால் சரியாகிவிடும். கணினிதான் வேண்டுமென்றால் பைத்தானையே எடுங்கள், அதில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு கிடையாது. ஆனால் இந்தக் கணக்குக்குத் தாளே மேல் என்பேன். முழு எண்ணைத் தொடவே வேண்டாம், மீதியை மட்டும் வர்க்கப்படுத்திக்கொண்டே போகலாம்:

2-இன் 8-ஆம் அடுக்கு: 256.
16-ஆம் அடுக்கு: 256 × 256 = 65536. 641-ஆல் வகுக்க மீதி 154.
32-ஆம் அடுக்கு: 154 × 154 = 23716. மீதி 640.

ஒன்று கூட்டினால் 641, அதாவது மீதி 0. வகுபட்டுவிட்டது! ஈவு 6700417.

படி 3: 6700417 பகா எண்தானா?

இதை விட்டுவிடாதீர்கள், இங்கே நின்றால் வேலை பாதிதான். இதன் வர்க்கமூலம் 2589-க்குச் சற்றுக் கீழே. இதன் காரணிகளும் அதே 128 வடிவில்தான் வர வேண்டும் என்பதால் பார்க்க வேண்டிய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை, ஆகவே பகா எண்தான். எனவே 4294967297-க்கு வகுத்திகள் நான்கே: 1, 641, 6700417, அந்த எண். அவற்றின் கூட்டுத்தொகை 4301668356.

பின்சேர்க்கை: கைப்பேசிக் கால்குலேட்டரில் 23716 ÷ 641 போட்டால் 36.998 என்று வருகிறது, மீதியை எப்படி எடுப்பது என்று இருவர் கேட்டிருந்தார்கள். புள்ளிக்கு முன்னால் உள்ள 36-ஐ மட்டும் எடுத்து 641-ஆல் பெருக்குங்கள்: 23076. அதை 23716-இல் கழித்தால் 640. 37 என்று எடுத்திருந்தால் மீதி −1 வரும். அதுவும் சரியே, ஒன்று கூட்டினால் நேராக 0.