ஹம் சத்தத்துக்காக எர்த்தைக் கழற்றாதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலோ மண்ணடியிலோ இருக்கும் பழைய வீடு. வயரிங்கை முழுக்க மாற்றி, ஒழுங்காக எர்த் குழி போட்டு, கழற்றி வைத்த ஹோம் தியேட்டரைத் திரும்ப மாட்டுகிறார்கள். சுவிட்சைப் போட்டதும் சப்வூஃபரில் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி) ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல், இதைத்தான் ஹம் என்பார்கள். இத்தனை நாள் இதே செட் இதே ஹாலில் சத்தமில்லாமல் ஓடியதே! பழி நேராக எர்த் போட்ட எலக்ட்ரீஷியன் தலையில் விழும்.

அவர் மேல் தப்பில்லை. முன்பு அந்த வீட்டில் எர்த்தே இல்லை, அதனால்தான் சத்தமும் இல்லை. சுவரில் மூன்று ஓட்டை பாயின்ட் இருந்திருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயர் இருந்திருக்காது. அல்லது எந்தக் காலத்திலோ அந்த வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிவிசி போட்ட அன்றைக்கே எர்த்தும் போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஹம் வரவில்லை என்பதற்காக எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பல வீடுகளில் நிலைமை நேர் எதிர்.

சத்தம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். சப்வூஃபருக்கு மூன்று பின் ப்ளக், அதன் உலோக உடம்பு வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. அதிலிருந்து ஆர்சிஏ எனும் ஆடியோ வயர், எல்லா ஒலியையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவருக்குப் போகிறது. ரிசீவரிலிருந்து எச்டிஎம்ஐ வயர் டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும். செட்டாப் பாக்ஸுக்குள் நுழையும் கேபிள் டிவி வயரோ தெருவில் இருந்து வருகிறது. நாலு மாடி தாண்டி, யார் வீட்டுக் கரண்டிலோ ஓடும், கேபிள் சிக்னலைப் பெரிதாக்கும் ஒரு பூஸ்டரில் அதன் மேலுறைக் கம்பி வேறொரு எர்த்தில் சேர்ந்திருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவே எப்போதும் சின்னதாக ஒரு வோல்டேஜ் வித்தியாசம் உண்டு. வழி கிடைத்ததும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அந்த வயர்களின் மேலுறை வழியாகச் சுற்ற ஆரம்பிக்கும். ஆர்சிஏ வயரில் பாட்டு திரும்பிப் போகும் வழியும் அதே மேலுறைதான். ஆகவே அங்கே விழும் சில மில்லிவோல்ட்டும் பாட்டோடு கலந்துவிடும், ஆம்ப்ளிஃபயரும் அதைப் பெரிதாக்கிக் கொடுக்கும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான்.

இதற்கு எல்லாரும் சொல்லும் முதல் வைத்தியம் தெரிந்ததே: “அந்தப் பெரிய பின்னைக் கழட்டிப் போட்டுருணா, சத்தம் கப்புனு நின்னுரும்.” நிற்கும், உண்மை. லூப் அறுந்துவிட்டதல்லவா? ஆனால் நம் ஊர் ப்ளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளமாகவும் தடியாகவும் இருப்பது சும்மா இல்லை. ப்ளக்கைச் செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். அந்தப் பின்னை வெட்டினாலும் சரி, இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டு மறைத்தாலும் சரி, நாளைக்கு சப்வூஃபருக்குள் ஒரு இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் அதன் பின்புற உலோகத் தகட்டில் வந்து நிற்கும். அங்கேயே நிற்காது. ஆர்சிஏ மேலுறை வழியாக ரிசீவருக்கும், எச்டிஎம்ஐ வழியாக டிவியின் உடம்புக்கும், கேபிள் வயர் வழியாகத் தெருவுக்கும் போகலாம். மாடியில் ஏறி ஜாயின்ட் போட்டுக்கொண்டிருக்கும் கேபிள்காரப் பையன் கையில் அது அடிக்கும்.

இதைவிட மோசமான வேலை ஒன்று உண்டு. எர்த் வயர் வராத பாயின்ட்டில், நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் பின்பக்கம் சேர்த்துவிடுவது. வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். நியூட்ரலில் வீட்டு லோடு முழுக்க ஓடுவதால் அதில் எப்போதும் கொஞ்சம் வோல்டேஜ் இருக்கும். ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஹம் ஏறும், நின்றால் இறங்கும். அது போகட்டும். மீட்டர் போர்டிலோ தெருப் பெட்டியிலோ நியூட்ரல் கழன்றால், அந்தப் பாயின்ட்டில் மாட்டிய எல்லா உலோகப் பெட்டியிலும் முழு ஃபேஸ், அதாவது 230 வோல்ட், வந்துவிடும். இதற்கெல்லாம் ‘தற்காலிகம்’ என்று பேர் வைப்பார்கள், பத்து வருஷம் அப்படியே கிடக்கும்.

சரி, எர்த் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டெஸ்டரை எர்த் ஓட்டையில் வைத்து, எரியவில்லை என்றால் நல்ல எர்த் என்று முடிவு செய்கிறார்கள். வயரே இல்லாத ஓட்டையிலும் டெஸ்டர் எரியாது. எலக்ட்ரீஷியன்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பார்கள். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. எரிகிற பல்பின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 530 ஓம். எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மோசமான எர்த்துதான். அப்போதும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஃபேஸ் நேராகப் பெட்டியின் உலோக உடம்பில் பட்டால் அந்த 50 ஓம் வழியாக ஓடுவது 4.6 ஆம்பியர். கரண்ட் அளவு மீறினால் விழ வேண்டிய 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் அசையவே அசையாது. நியூட்ரலை எர்த்தோடு சேர்த்த திருட்டு வேலையிலும் பல்பு பளிச்சென்று எரியும். ஆகவே பல்பு எரிந்தால் வயர் எங்கோ போகிறது என்று மட்டும்தான் அர்த்தம். எர்த் எப்படி இருக்கிறது என்பதை எர்த் டெஸ்டர் மீட்டர் வைத்து அளக்க வேண்டும், அது எலக்ட்ரீஷியன் வேலை.

இங்கே ஊரின் மண்ணையும் பார்க்க வேண்டும். தண்டையார்பேட்டைப் பக்கம் மணல், பெரம்பூர்ப் பக்கம் களிமண். மணல் கோடையில் காய்ந்தால் எர்த்தின் ரெசிஸ்டன்ஸ் ஏறும். குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதனால்தான். அந்தக் குழி மேல் சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, பைக் நிறுத்துகிற வீடுகள் ஏராளம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிப் போனால் பிரச்சினை வேறு. உப்புக் காற்றில் ஜிஐ பட்டையும் (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) அதைப் பிடித்திருக்கும் நட்டும் அரித்துவிடும். குழி நன்றாக இருக்கும், வயரைத் தொட்டால் நட்டோடு கையில் வரும்.

வீட்டு எர்த் சரியில்லையென்று ஆடியோவுக்கு மட்டும் பால்கனி ஓரமாகத் தனி ராடு அடித்துக்கொள்வோரும் உண்டு. ‘ப்யூர் எர்த்’ என்று கடையில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இரண்டு எர்த்துக்கு நடுவே உள்ள வோல்டேஜ் வித்தியாசம்தான் ஹம்முக்கே காரணம் எனும்போது, வீட்டுக்குள் இன்னொன்றைக் கொண்டுவந்தால் எப்படிக் குறையும்? மெயினோடு சேராத ராடு ஆபத்தும்கூட. இரண்டாவது குழி வேண்டுமானால் போடலாம், அதை மெயின் போர்டில் முதல் எர்த்தோடு கட்டாயம் சேர்க்க வேண்டும்.

அடுத்தது, எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பார்க்காமலே காசைச் செலவழிப்பது. தங்க முலாம் பூசிய ஆர்சிஏ வயர், ஸ்பைக் பஸ்டர், ஸ்டெபிலைசர் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். ஸ்பைக் பஸ்டர் லூப்பை அறுக்காது, எர்த்தை அப்படியே கடத்தும். முதலில் எல்லாவற்றையும் ஆஃப் செய்து, கேபிள் டிவி வயரைக் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்யுங்கள். ஆனில் இருக்கும்போது கழற்ற வேண்டாம், அந்த மேலுறையில் சுர்ரென்று இழுக்க வாய்ப்புண்டு. நம் பக்கத்து வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த வயரைத்தான். சத்தம் நின்றால் ஆள் மாட்டிக்கொண்டான்.

நிற்கவில்லையென்றால் சப்வூஃபருக்குப் பவரை மட்டும் வைத்துவிட்டு ஆர்சிஏ வயரைப் பிடுங்குங்கள். ஒரு வயரும் இல்லாமலே முனகினால் கோளாறு பெட்டிக்குள். பழைய ஆம்ப்ளிஃபயரில் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்தால் 100 ஹெர்ட்ஸில் ஒரு கொர்ர் வரும், 50 ஹெர்ட்ஸ் முனகலைவிடக் கொஞ்சம் கூர்மையாக இருக்கும். எர்த்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருப் பக்கம் தெரிந்த சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். நீங்களே திறக்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். வயரை மாட்டினால் மட்டும் வருகிறதா? ரிசீவரில் வால்யூமை ஏற்றி இறக்குங்கள். சத்தமும் கூடவே ஏறினால் கோளாறு ரிசீவருக்கு முன்னால், டிவி பக்கமோ செட்டாப் பாக்ஸ் பக்கமோ. மாறாமல் நின்றால் ரிசீவருக்குப் பின்னால். லேப்டாப் மாட்டியிருந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பேட்டரியில் ஓடும்போது நின்றால் சார்ஜர்தான் காரணம். கடல் பக்கத்து வீடுகளில் ஆர்சிஏ முனையில் பச்சை பூத்து மேலுறை சரியாகத் தொடாமல் போவதும் சகஜம். அது லூப் இல்லை, துடைத்தாலோ வயரை மாற்றினாலோ போகும்.

காரணம் தெரிந்துவிட்டால் தீர்வு பெரும்பாலும் மலிவுதான். டிவி, ரிசீவர், சப்வூஃபர் மூன்றையும் ஒரே பாயின்ட்டிலிருந்து எடுங்கள். சாதாரண ஹோம் தியேட்டர் 6 ஆம்பியர் பாயின்ட்டின் சுமார் 1,380 வாட்டைத் தாண்டாது, ஐயம் இருந்தால் பெட்டிகளின் பின்னால் போட்டிருக்கும் வாட்டைக் கூட்டிப் பாருங்கள். கேபிள் வயரில், சிக்னலை விட்டு லூப்பை மட்டும் அறுக்கும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். ஆனால் டிடிஎச் டிஷ் வயரில் அதைப் போடாதீர்கள். செட்டாப் பாக்ஸ் அந்த வயர் வழியாகத்தான் எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) 13 அல்லது 18 வோல்ட் டிசி அனுப்புகிறது, ஐசொலேட்டர் அதை மறித்துவிட்டால் படமே வராது. அந்த இடத்தில் செட்டாப் பாக்ஸிலிருந்தோ டிவியிலிருந்தோ ரிசீவருக்கு ஆப்டிகல் வயர் போடலாம். வெளிச்சத்தில் போகும் சிக்னலுக்கு எர்த் கிடையாது. ஆனால் அதே இரண்டு பெட்டிக்கு நடுவே எச்டிஎம்ஐயும் இருந்தால் லூப் அப்படியேதான் இருக்கும். சப்வூஃபர் வயரில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுகிறவர்கள் 20 ஹெர்ட்ஸ் வரை கடத்துமா என்று பார்த்து வாங்குங்கள். மலிவானதில் ஹம்மோடு சேர்ந்து பாட்டின் பேஸும் (தாழ்ந்த ஒலி) போய்விடும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்ததும் மட்டும் கொர்ரென்று வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் குணம், சைன் வேவ் வாங்குவது தவிர வழியில்லை. ஃபேன் வேகத்தைக் குறைத்தால் மட்டும் கரகரப்பு வந்தால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். பவர் வயரோடு ஆர்சிஏ வயரைச் சேர்த்து டேப் சுற்றி அழகாகக் கட்டுவதையும் விட்டுவிடுங்கள். ஓரடி தள்ளிப் போகட்டும், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகப் போகட்டும்.

இரண்டு பின் ப்ளக் உள்ள டிவியின் உலோகத்தை விரலால் தடவினால் லேசாகச் சுரசுரக்கும், டெஸ்டரும் மங்கலாக எரியும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது எர்த் தேவையில்லாத வகைப் பெட்டி. உள்ளே இருக்கும் சின்ன கெபாசிட்டர் வழியாக வரும் கசிவு அது, அளவு மிகக் குறைவு. கையை உதறும்படி அடித்தால் கதை வேறு: மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆள் வந்ததும் இரண்டு வேலை சொல்லுங்கள். ஏசியோ ஹீட்டரோ ஓடும்போது பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் இருந்தால் சகஜம். பத்து இருபது என்று காட்டினால் நியூட்ரலிலோ எர்த்திலோ கோளாறு. லோடு ஓடியும் சுத்தமாக 0 காட்டினால் பின்னால் துண்டு வயர் இருக்கிறதா என்று பாயின்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையை அறுக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் ஒன்று போடச் சொல்லுங்கள். 50 ஓம் எர்த்தில்கூட அது ட்ரிப் ஆகும். அதில் ‘T’ (டெஸ்ட்) என்று ஒரு பட்டன் இருக்கும், அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும்.